பெருந்தொற்றின்போது சிறைகளைச் சுயேச்சையாகக் கண்காணிப்பது அவசியமா?

"வெளியார் சிறைக்குள் போனால் நோயும் கூடவே போகுமே, தொற்று ஓயும்வரை ஆய்வை நிறுத்தினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சம் நியாயமானது, நிறுத்துவது தவறு. உறவினர் சந்திப்பும் வழக்கறிஞர் வருகையும் நின்றுபோகும் அந்த நாட்களில், உள்ளே நடப்பதைப் பார்க்க வேறு கண்களே இருப்பதில்லை.

2020 மார்ச்சில் ஐரோப்பிய சித்திரவதைத் தடுப்புக் குழு வெளியிட்ட கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன: நோய்க்காகத் தனிமைப்படுத்தும் இடங்கள் உட்பட எங்கும் சிறைத்துறையைச் சாராத சுயேச்சைக் கண்காணிப்பாளர்களை அனுமதிக்க வேண்டும், அவர்களால் யாருக்கும் தீங்கு நேரக்கூடாது. ஆகவே முன்பரிசோதனை, முகக்கவசம், சிறிய குழு, குறுகிய வருகை. நேரில் போக முடியாதபோது கடிதமும் தொலைபேசியும் உதவும். ஆனால் காவலர் அருகில் நிற்கக் கைதி பேசும் பேச்சை நான் நம்பமாட்டேன்.

சோப்பு, தண்ணீர், மருத்துவர் ஆகியவற்றை எல்லோரும் விசாரிப்பார்கள். அறைக்குள் அடைபட்ட மணிநேரத்தைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் குறைந்தபட்ச விதிகளான நெல்சன் மண்டேலா விதிகளின்படி, நாளுக்கு 22 மணிநேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைத்துவைப்பது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாட்களைத் தாண்டினால் அதற்குத் தடை உண்டு. 'மருத்துவத் தனிமை' என்று பெயரிட்டாலும் அடைபட்டவருக்கு அது அதே நான்கு சுவர்தான். தினமும் அவரிடம் யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.