திகாரில் இருந்துகொண்டே ஃபைன் ஆர்ட்ஸ் பட்டம் படிக்க முடியுமா?

உங்கள் தம்பி விசாரணைக் கைதி, பிளஸ் டூ முடித்தவர், கரோல்பாக் பக்கம் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவர் என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். "கைதிக்கு ஓவியம் ஒரு கேடா" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் அப்படியே போய்விடலாம். விசாரணை முடியாதவரைக் குற்றவாளி என்று சொல்ல நீதிமன்றத்துக்கே இன்னும் மனம் வரவில்லை.

பி.எஃப்.ஏ. என்ற மூன்றெழுத்து ஃபைன் ஆர்ட்ஸ் பட்டம்தான் வேண்டும் என்றால், உள்ளே இருந்து முடியாது. அது தினமும் ஸ்டூடியோவில் நின்று வரையும் நாலு வருடப் படிப்பு. ஆங்கிலத்தில் தேடினால் "முடியும், படிக்கிறார்கள்" என்று வரும். அதெல்லாம் பிரிட்டன் கதை. அங்கே 1987-ல் தொடங்கிய ஓப்பன் காலேஜ் ஆஃப் தி ஆர்ட்ஸ் தபாலிலேயே ஓவியம் கற்றுக்கொடுத்தது. கைதிகளின் படிப்புக்கும் வண்ணத்துக்கும் பணம் கொடுக்கத் தனி அறக்கட்டளையே இருக்கிறது. நம் ஊரில் வழி வேறு: தொலைதூரப் படிப்பு நடத்தும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.ஏ., அதோடு பெயின்டிங்கில் ஆறு மாதச் சான்றிதழ், கூடவே சொந்தமாகச் சேர்க்கும் போர்ட்ஃபோலியோ, அதாவது வரைந்த படங்களின் தொகுப்பு. வெளியே வந்த பிறகு ஜே.என்.யூ.வில் கலை, அழகியல் எம்.ஏ.வுக்கு எந்த இளங்கலைப் பட்டமும் போதும்.

திகாருக்குள் இக்னோவுக்குப் படிப்பு மையம் இருக்கிறது, கைதிகளுக்குக் கட்டணமும் இல்லை. ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கை. பி.ஏ. குறைந்தது 3 வருடம், இழுத்தால் 6 வருடம் வரை போகலாம். பாடத்தின் அளவைக் கிரெடிட்டில் சொல்வார்கள், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், ஜூன் டிசம்பர் தேர்வுக்கு 70. சான்றிதழ் படிப்புக்கு உள்ளே செய்முறை சொல்லித்தர ஆள் உண்டா என்று மையப் பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் பி.ஏ.வை மட்டும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம்.

விண்ணப்பம் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். 2024-ல் இருந்து தொலைதூரப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி கேட்கிறார்கள், அதற்கு முன்னால் மாணவரின் கிரெடிட் கணக்கு எண்ணான ஏபிசி ஐடி, அதற்கு அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கர். கடைசியில் ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த சிம் போலீஸ் எடுத்துக்கொண்ட போனில் இருந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்க முடியுமா என்று வக்கீலைக் கேட்டுக்கொண்டு, அதை முதலில் முடியுங்கள். அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இது தீராத தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், ஜெயில் ரெக்கார்டில் இனிஷியலே இல்லாமல் அப்பா பெயர் இந்தி உச்சரிப்பில். மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று போட்டு, இரண்டு நகல் உள்ளே அனுப்பிவிடுங்கள். பட்டம் எந்தப் பெயரில் வருமோ அந்த எழுத்துக்கூட்டலையே விண்ணப்பத்தில் போட வேண்டும்.

பேப்பர் வேலை இவ்வளவுதான். நிஜமான சிக்கல் சாமானில் இருக்கிறது.

எதை உள்ளே விடுவது என்பது கண்காணிப்பாளர் முடிவு. வாசலில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் நிற்பார்கள், தமிழில் பேசினால் சிரிப்பார்கள், ஆனால் சாமானுக்கு அனுமதி தருவது அவர்கள் வேலை இல்லை, அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். பொருள், அளவு, எண்ணிக்கை, எதற்கு என்று நாலு பத்தி அட்டவணை போட்டு மனு எழுதிக் கொடுங்கள். "வரைபொருட்கள்" என்று மொத்தமாக எழுதினால் சிறையின் நுழைவாயிலான ட்யோடியில் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

ஆயில் கலரை மறந்துவிடுங்கள். அதைக் கரைக்கும் டர்பென்டைன் எரியும். கோடு அழியாமல் இருக்க மேலே அடிக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரேயும் அப்படியே. பிளேடு, ஷார்ப்னர், இரும்பு பேலட் நைஃப், கண்ணாடிக் குப்பி, ஆணியடித்த ஃப்ரேம், காம்பஸ் எதையும் மனுவில் எழுதவே வேண்டாம். ஒரு தப்பான பொருள் இருந்தால் முழு மனுவும் திரும்பும். பென்சில் 2பி, 4பி, 6பி. சீவுவதற்குப் பதில் மணல் தாளில் தேய்த்தால் முனை நன்றாகவே நிற்கும். ஸ்பைரல் ஸ்கெட்ச் புக்கைக் கம்பி இருப்பதால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், ஸ்டேப்லர் பின் போட்டதையும் அப்படியே. நூலில் தைத்த, மெல்லிய அட்டை நோட்டாக வாங்குங்கள். கரித்துண்டு வேண்டாம், ஃபிக்ஸ் பண்ண வழியில்லாமல் முதல் தலாசியிலேயே, அதாவது சோதனையிலேயே, அழிந்துவிடும். பால்பாயின்ட் பேனா கோட்டு வேலைக்கு அருமை, ஆனால் அதன் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். நிற்க வேண்டிய படத்துக்குப் பிக்மென்ட், அதாவது நிறமி, மையுள்ள ஜெல் பேனா.

வண்ணத்துக்கு கேக் வாட்டர்கலர்தான் சிக்கல் குறைவு, திரவம் இல்லை என்பதால். ஆக்ரிலிக் கிடைத்தால் தில்லி வெயிலைக் கணக்கில் வையுங்கள். மே மாதம் தட்டில் பிழிந்த வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் தோலாகிவிடும். ஈரத்துணி மடித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் பிழியச் சொல்லுங்கள். ஜனவரியில் நேர் எதிர். சுமார் 10 டிகிரிக்குக் கீழே ஆக்ரிலிக் சரியாகப் படலம் கட்டாது. காய்ந்த மாதிரி இருக்கும், விரல் வைத்தால் சுண்ணாம்பாக உதிரும். குளிர்காலத்தில் மதிய வெளிச்சத்தில் மட்டும் ஆக்ரிலிக், மற்ற நேரம் பென்சில்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். நம் கடைகளில் "ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டி" என்று விற்கும் பல டியூபில் எந்த நிறமி என்ற குறியீடே கிடையாது. வயலட் என்று வாங்கினால் ஒரு வருடத்தில் சாம்பலாகிறது. மருந்து அட்டையில் மூலப்பொருள் போடச் சொல்கிற நாடு இதையும் கேட்கக் கூடாதா? கைதிக்கும் இது வேண்டும், கல்லூரிப் பையனுக்கும் வேண்டும். விடுங்கள்.

கேன்வாஸுக்குப் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு போதும். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து முதல் பூச்சு. காய்ந்ததும் அதே கரைசலில் சாக் பவுடர் குழைத்து மெல்லிசாக இரண்டு பூச்சு. தடிமனாகப் பூசினால் சுருட்டும்போது வெடிக்கும். கஞ்சி போட்டும் செய்வார்கள், ஆனால் ஆகஸ்டில் பூஞ்சை பிடிக்கும். இதை வீட்டில் நீங்களே பூசி, குவார்ட்டர் இம்பீரியல் அளவுக்கு, அதாவது 11க்கு 15 அங்குலத் துண்டாக வெட்டி அனுப்பலாம். அதற்கு மேல் பெரிசு வேண்டாம். பேரக்கில் வைக்க இடமில்லை. பெரிய படம் வேண்டுமென்றால் துண்டு துண்டாகச் செய்து வெளியே சேர்க்கட்டும். அமெரிக்கரான ஜெஸ்ஸி கிரைம்ஸ் சிறையில் அப்படித்தான் செய்தார்: 39 படுக்கை விரிப்பு, நாளிதழ்ப் படங்களை ஹேர் ஜெல் தடவி பிளாஸ்டிக் கரண்டியால் தேய்த்து துணிக்கு மாற்றினார், ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினார். அவர் உள்ளே போகும் முன்பே கலைப் பட்டம் வாங்கியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலை வரலாற்றுக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்புப் பாடநூல் இணையத்தில் இலவசம். லலித் கலா அகாடமி வெளியிடும் ஓவியர் வரிசை நூல்கள் மெலிசாக இருக்கும், தலாசிக்கும் எளிது. வண்ணப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து அனுப்பினால் காம்போசிஷன், அதாவது படத்தின் அமைப்பு, மட்டும்தான் புரியும். பத்துப் பக்கமாவது கலரில் எடுங்கள்.

உள்ளே மொபைல் கிடையாது, படத்தை போட்டோ எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலால் எண், தேதி, அளவு, ஊடகம் எழுதச் சொல்லுங்கள், அதே விவரம் ஒரு நோட்டிலும். முலாகாத்துக்கு, அதாவது கைதியைப் பார்க்க, போகும்போது முடித்தவற்றை வெளியே கொண்டுவர அனுமதி கேட்டு, எத்தனை தாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துணியைச் சுருட்டினால் வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். செய்தித்தாள் சுற்றாதீர்கள், மஞ்சள் இறங்கும்.

சக கைதியை வரைந்தால் அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். வழக்கு நடக்கும் ஆளின் முகம் வெளியே வந்தால் இருவருக்கும் தொல்லை. கை, கால், செருப்பு, தட்டு, கம்பி வழியாக விழும் வெளிச்சம் எல்லாம் முகத்துக்குக் குறையாத பயிற்சி.

நடுவில் ஜாமீன் வந்தாலோ மண்டோலி சிறைக்கோ ரோஹிணி சிறைக்கோ மாற்றினாலோ படிப்பு தானாகக் கூட வராது. இக்னோ மண்டல மையத்துக்குப் படிப்பு மைய மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அதற்கு என்ரோல்மென்ட் எண் வேண்டும். அந்த எண்ணையும், கொடுத்த அசைன்மென்ட்டின் ரசீதையும் இப்போதே வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளில் பேஷி, அதாவது கோர்ட் வாய்தா, விழுந்தால் எதற்குப் போவது என்று சந்தேகமே வேண்டாம், கோர்ட்டுக்குத்தான். விட்ட தாளை அடுத்த டிசம்பரிலோ ஜூனிலோ எழுதிக்கொள்ளலாம்.