புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் அப்பா அதற்கு அடிமையாகிவிடுவாரா?

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் என் பெரியம்மா படுத்திருந்தபோது எங்களுக்கும் இதே பயம். மாத்திரையைப் பூட்டிவைத்து, அவர் முனகிய பிறகே கொடுத்தோம். பூட்டியது சரி, முனகும்வரை காத்திருந்தது தவறு. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். வலி திரும்பும் முன்பே, மருத்துவர் சொன்ன நேரத்தில் கொடுக்க வேண்டும்.

உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. பழகிய உடலுக்குத் திடீரென நிறுத்தினால் வியர்க்கும், நடுங்கும். அதனால்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். அடிமைத்தனம் என்பது கேடு தெரிந்தும் மனம் அதையே தேடி ஓடுவது. கண்காணிப்போடு புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுபவர்களிடம் அது அரிது. (நாள்பட்ட முதுகுவலிக்கு இதே தைரியத்தைச் சொல்ல மாட்டேன். அமெரிக்கா 1990-களில் அப்படி அள்ளிக் கொடுத்துத்தான் சிக்கிக்கொண்டது.)

இங்கே கதை தலைகீழ். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல மருந்துக்கடைகள் மார்ஃபினையே வைப்பதில்லை. 2014 திருத்தம் விதிகளைத் தளர்த்தியும் நாங்கள் மாத்திரைக்காகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கும் மருந்து கேளுங்கள். எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மெதுவாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.