பழைய இசிஎம் வாங்கி மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகுமா?

கேள்வி: மழைத் தண்ணீரில் நின்ற என் டீசல் கார் அதன்பின் ஸ்டார்ட் ஆகவில்லை. இசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கம்பெனி சர்வீஸில் புதிதுக்குச் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் அதே மாடலின் பழைய இசிஎம் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் இசிஎம்மின் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லி நீங்களே பாருங்கள். பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கலாம். சுத்தம் செய்து, மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் ஒயர் மூன்றையும் சோதித்த பிறகும் உயிர் வராவிட்டால்தான் இசிஎம் மேல் பழி போட வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியை மாட்டுவதோடு வேலை முடியாது. சாவிக்குள் இருக்கும் சிப்பை இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி அடையாளம் கண்டு இசிஎம்முக்குச் சொன்னால்தான் பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடும். வேறு காரில் இருந்து வந்த இசிஎம்முக்கு உங்கள் சாவி அந்நியம். அதனால் உங்கள் பழைய இசிஎம்மின் மெமரியைப் படித்து இதில் ஏற்றுவார்கள். 'குளோனிங்' என்பது இதுதான். ஆகவே பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அதன் மெமரி சிப் கெட்டிருந்தால் குளோனிங் நடக்காது. குளோனிங் இல்லாமல், வேறு காரின் பெட்டியை உங்கள் வண்டிக்குப் பழக்க எல்லா மாடலும் இடம் தருவதில்லை.

லேபிளில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். டீசல் வண்டிகள் பலவற்றில் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு குறியீடு (code) பொறித்திருக்கும். மாற்றிப் போட்ட இசிஎம்மில் அதைப் பதியாமல் விட்டால் ஐடிலிங்கில் என்ஜின் தடதடக்கும், புகை வரும். புரோகிராமிங் நடக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இசிஎம்மே பாழாகலாம். வோல்டேஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சப்போர்ட் சார்ஜர் போடுகிறார்களா என்று கேளுங்கள்.

பெட்டிக்கும் புரோகிராமிங்குக்கும் சேர்த்து ஒரே ஆளிடம் விலை பேசுங்கள். இரண்டு பேரிடம் போனால் 'பெட்டி கோளாறு' என்று இவரும் 'புரோகிராம் கோளாறு' என்று அவரும் உங்களை அலைக்கழிப்பார்கள். வண்டி ஓடிய பிறகே மீதிப் பணம், எத்தனை நாள் வாரண்டி என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு அங்கே கட்டணம் இல்லை.

இன்னொன்று: உங்கள் இன்சூரன்ஸ், சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா? வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். எதையும் கழற்றும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயரை வந்து பார்க்க வையுங்கள்.