கஞ்சாவும் எல்லைச் சட்டங்களும்: கேள்வி பதில்

கேள்வி (சென்னை): நண்பர்களோடு பாங்காக் போகிறோம் சார். அங்கே கடையிலேயே விற்கிறார்களே, ரசீதோடு கொஞ்சம் கொண்டுவந்தால் தப்பா?

பதில்: தப்புதான். அந்த ரசீது, தெரிந்தே வாங்கினீர்கள் என்பதற்கு உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது உண்மை. ஆனால் 2025 ஜூனில் விதியை இறுக்கிவிட்டார்கள். இப்போது கஞ்சாப் பூ வாங்கவே மருத்துவரின் சீட்டு வேண்டும். போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி 0.2 சதவீதத்துக்கு மேல் உள்ள சாறு அங்கேயும் போதைப்பொருள்தான்.

சென்னையில் இறங்கியதும் உங்களுக்குப் பொருந்துவது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், சுருக்கமாக என்டிபிஎஸ் சட்டம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் பிரிவு 23, இறக்குமதிக் குற்றம். தண்டனையை எடை தீர்மானிக்கும். 1 கிலோவுக்குள், அதாவது சட்டம் சொல்லும் சிறு அளவு என்றால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை என்றால் 10 ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20. மண்ணில்லாமல் நீரில் வளர்த்த ஹைட்ரோபோனிக் கஞ்சா என்று தனிப்பெயர் சொன்னாலும் சட்டத்துக்கு அது கஞ்சாதான்.

கேள்வி (கோவை): புகைக்கிற பொருள் வேண்டாம். கஞ்சா சாக்லேட் நாலு கொண்டுவந்தால்? அதில் சரக்கு சில மில்லிகிராம்தானே இருக்கும்?

பதில்: பலரும் தவறாகக் கணக்குப் போடும் இடம் இது. சாக்லேட்டின் சர்க்கரை, கோகோ எல்லாவற்றையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்ப்பார்கள். மத்திய அரசின் 2009 அறிவிக்கை அப்படிச் சொன்னது, 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்னொன்று, கஞ்சாச் செடியின் பிசினுக்கு, அதாவது சரஸுக்கு, சிறு அளவின் வரம்பு 100 கிராம்தான். பிசினில் செய்த 150 கிராம் சாக்லேட் ஒரு பெட்டி போதும், 1 ஆண்டு வழக்கு 10 ஆண்டு வரை போகக்கூடிய வழக்காகிவிடும்.

கேள்வி (திருச்சி): ஐயா, சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் ஐரோப்பாவில் புகைத்தேன். எனக்குப் பழகிவிட்டதால் இப்போதெல்லாம் போதை ஏறுவதே இல்லை. உடம்பிலும் தங்காதுதானே?

பதில்: போதை ஏறாததற்கும் உடம்பில் தங்காததற்கும் சம்பந்தம் இல்லை. தினமும் புகைப்பவருக்கு மூளை பழகிவிடுகிறது, அதனால் போதை தெரிவதில்லை. டிஎச்சியோ கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். என்றோ ஒருநாள் புகைத்தவரின் சிறுநீரில் அதன் மிச்சம் மூன்று, நான்கு நாள் தெரியும். தினமும் புகைத்தவருக்கு ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும். நன்றாகப் பழகியவர்தான் அதிகம் மாட்டுவார். ஆளுக்கு ஆள் மாறுவதால் நாள் எண்ணிக்கையை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

சிங்கப்பூரின் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு நுழைவாயிலிலேயே சோதிக்க முடியும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்திருந்தாலும் அங்கே குற்றம். உட்கொண்டதற்கு 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம். கையில் 15 கிராமுக்கு மேல் இருந்தால் கடத்தல் என்றே அனுமானிப்பார்கள். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில், 1 கிலோவைச் சற்றே தாண்டிய கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று ஒரு தமிழரைத் தூக்கிலிட்டார்கள். அவர் அந்தச் சரக்கைக் கையால் தொட்டதில்லை.

பக்கத்து மலேசியாவில் வரம்பு 200 கிராம். 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கினார்கள், மரண தண்டனையை நீக்கவில்லை. நீதிபதி உயிரை விட்டுவைத்தாலும் ஆயுள் சிறை உண்டு, ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணா, கனடாவில் 30 கிராம் வைத்திருக்கலாம். நியூயார்க்கிலும் சட்டப்படி விற்கிறார்கள். காரில் கொண்டுபோனால் என்ன பிழை?

பதில்: இரண்டு பக்கமும் சரியாக இருந்தாலும் நடுவில் இருக்கிற கோடு சரியாகாது. 2018 அக்டோபர் 17 முதல் கனடா அனுமதித்தது உள்நாட்டுக்கு மட்டும். டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு விமானத்தில் 30 கிராம் கொண்டுபோகலாம். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதும் உள்ளே கொண்டுவருவதும் குற்றம், அதிகபட்சம் 14 ஆண்டு. மருத்துவச் சீட்டு இருந்தாலும் இதேதான். அந்தப் பக்கம் எல்லையைக் காப்பது நியூயார்க் மாநிலம் அல்ல, அமெரிக்க மத்திய அரசு.

கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு ஆபத்து உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர், கஞ்சா வைத்திருந்தது போல, மத்திய சட்டத்தின்படி குற்றமான ஒன்றைச் செய்ததாக அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்கப்படலாம், தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அதிகாரி கேட்டால் பதில் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லி நுழைவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம். அன்றைய பயணம் போகும், ஆனால் ஒப்புதல் பதிவாகாது. கார் டிக்கியையும் பைகளையும் முதல் நாளே துப்புரவாகப் பாருங்கள்; மறந்துபோன ஒரு சுருட்டுக்கும் விதி அதேதான்.

கேள்வி: நெதர்லாந்தில் கஞ்சா சட்டப்படி சரிதானே?

பதில்: இல்லை, கண்டும் காணாமல் விடுகிறார்கள். 1976 முதல் இருக்கும் அந்தக் கொள்கைப்படி 5 கிராம் வரை வைத்திருந்தால் வழக்குப் போடுவதில்லை. கஞ்சா விற்கும் கடையான காஃபிஷாப்பில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு விற்பதும் அவ்வளவுதான். மாஸ்ட்ரிக்ட் போன்ற எல்லை ஊர்களில் நெதர்லாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே விற்பனை. ஆம்ஸ்டர்டாமில் அந்தக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்தவில்லை.

கேள்வி (மதுரை): மகன் துபாயில் இருக்கிறான். குருமாவுக்குக் கசகசா கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கசகசா அபினிச் செடியின் விதை, அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கும். அமீரகத்தில் தடை. சிங்கப்பூருக்கும் அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கஞ்சா விஷயத்தில் அமீரகம் 2021 சட்டத்தில் ஒரு சலுகை தந்தது: டிஎச்சி கலந்த உணவு, பானம் முதல் முறையாக நுழைவாயிலில் பிடிபட்டால் பறிமுதல் மட்டும்தான். உடம்பில் இருந்தால் அந்தச் சலுகை உதவாது.

கேள்வி (ராமநாதபுரம்): தம்பிக்கு ஒருவர் பாங்காக் டிக்கெட்டும் ஓட்டலும் எடுத்துத் தருகிறார். திரும்பும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தால் போதுமாம். என்ன இருக்கும் என்று கேட்டால் துணிமணி என்கிறார்.

பதில்: தயவுசெய்து தம்பியை அனுப்பாதீர்கள். அவனைச் சரக்கு சுமக்கும் குருவியாக்கப் பார்க்கிறார்கள். பெட்டியில் இருந்தது தெரியாது என்று சொன்னால் போதாது. என்டிபிஎஸ் சட்டத்தின் பிரிவு 35, 54 இரண்டும் தெரிந்தே வைத்திருந்தான் என்று அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. 20 கிலோவைத் தாண்டினால் பிரிவு 37 வரும், குற்றமற்றவன் என்று நம்ப நீதிமன்றத்துக்குக் காரணம் கிடைத்தால்தான் ஜாமீன். வழியில் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறினால் மேலே சொன்ன 200, 500 கிராம் கணக்கு அவனுக்கும் பொருந்தும்.

ஏற்கெனவே போய்விட்டான் என்றால் இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள்: யார் தந்த பெட்டியையும் வாங்க வேண்டாம், தன் பையைத் தானே அடுக்கிப் பூட்ட வேண்டும். மிரட்டினால் பாங்காக்கிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகட்டும். கட்டாயப்படுத்திக் கையில் திணித்துவிட்டால், செக்-இன் மேடையில் வைப்பதற்கு முன்பே விமான நிறுவன ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். அவன் பெயரில் டேக் ஒட்டியபின் அது அவன் பெட்டி.