பிள்ளைகள் தாங்களாகவே வீட்டு வேலையில் பங்கெடுக்க என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் 9 வயது மகனும் 6 வயது மகளும் இருக்கிறார்கள். எந்த வேலை சொன்னாலும் "அப்புறம் செய்கிறேன்" என்கிறார்கள், பத்து முறை கத்தினால்தான் எழுந்திருக்கிறார்கள், பேசாமல் ஒரு வேலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பழக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு மட்டும் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் நான் கற்றதெல்லாம் அதிலிருந்துதான்.

என் மகளுக்கு அப்போது 7 வயது. கொடியிலிருந்து எடுத்து வந்த துணி கட்டிலில் குவிந்து கிடந்தது. யாரும் சொல்லாமலேயே அதிலிருந்த துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெரிய குளியல் துண்டு, அவள் கை எட்டாத நீளம். ஒவ்வொன்றையும் தரையில் விரித்து, நான்கு மூலைகளையும் இழுத்துவிட்டு, ஓர் ஓரத்தைப் பிடித்தபடியே முழங்காலில் நகர்ந்து மறு ஓரத்துக்குக் கொண்டுபோனாள். நடுவில் கையால் நீவிவிட்டாள். ஆறு துண்டுகளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "ரொம்ப நல்லா இருக்குடா" என்று சொல்லி வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அன்று இரவு, அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, ஆறையும் பிரித்து மறுபடி மடித்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் "துணி மடிக்கலாம் வா" என்று கூப்பிட்டபோது, "நீங்களே மடிங்கம்மா, எனக்கு வராது" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவள் துணிக்கூடை பக்கமே வரவில்லை.

அந்த "வராது" என்ற சொல் அவளுடையது அல்ல, என் கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. நன்றாக யோசித்துப் பார்த்தால் அது அன்று மட்டும் நடந்ததும் இல்லை. அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது, நான் பெருக்கினால் துடைப்பத்தைப் பிடுங்குவாள், தரை துடைத்தால் பக்கெட்டில் கை விடுவாள். ஒவ்வொரு முறையும் "நீ போய் விளையாடு, அம்மா சீக்கிரம் முடிச்சிட்டு வர்றேன்" என்று அனுப்பினேன். ஐந்து வருடம் அப்படி அனுப்பிவிட்டு, ஏழு வயதில் வந்து செய் என்றால் எப்படி வருவாள்?

சின்னக் குழந்தைக்கு உதவ வேண்டும் என்ற ஆசை இயல்பிலேயே உண்டு என்பதை ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னகென், மைக்கேல் டொமசெல்லோ என்ற இருவர் 18 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனைகள் 2006இல் வெளியாயின. ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைக் கீழே தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டுவார். கை நிறையப் பத்திரிகைகளோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டி நிற்பார். யாரும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. அப்படியும் 24 குழந்தைகளில் 22 பேர் ஏதாவது ஒரு சூழலிலாவது எழுந்து போய் உதவினார்கள். இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்தது. துடைப்பத்தைப் பிடுங்கிய கையை நான் குறும்பு என்றே நினைத்திருந்தேன்.

காசுக்கு வருகிறேன். அதே இருவர் 2008இல் 20 மாதக் குழந்தைகளோடு இன்னொரு சோதனை செய்தார்கள். உதவியதற்காக விளையாட்டுப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவுமே பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். அதற்கும் முன்னால், 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், படம் வரைவதில் ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு இந்தக் குறை வரவில்லை. கூலி பேசிவிட்டால் பிள்ளையின் மனதில் அது கூலிக்கான வேலை ஆகிவிடுகிறது. நாளைக்கு "இன்றைக்கு எனக்குக் காசு வேண்டாம், அதனால் பாத்திரமும் கழுவ மாட்டேன்" என்று உங்கள் மகன் சொன்னால், அவன் கணக்கில் தப்பே இல்லை. பாக்கெட் மணி கொடுங்கள், காசைக் கையாளப் பழகட்டும். ஆனால் அதை வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். தட்டு கழுவுவது அந்த வீட்டில் அவன் சாப்பிடுகிறான் என்பதற்காக, அவ்வளவுதான்.

சரி, அப்புறம் என்ன செய்தோம்? நானும் கணவரும் பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வீட்டில் ஒரு வாரத்தில் நடக்கும் வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதினோம். குப்பையை வெளியே வைப்பது, தலையணை உறை மாற்றுவது, செருப்பு அடுக்குவது, குளியலறை வடிகாலில் சேரும் முடியை எடுப்பது, மின்கட்டணம் கட்டுவது என்று தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்கிறார்கள் என்று எழுதியபோது மகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "இத்தனையும் அம்மாவா?" என்று கேட்டாள். அப்பாவின் முகமும் கொஞ்சம் மாறியது. அதற்கு முன் நான் நூறு முறை சொல்லியும் புரியாதது அந்தத் தாளில் புரிந்தது.

அதிலிருந்து ஆளுக்கு ஒன்றை அவர்களே எடுத்துக்கொள்ளச் சொன்னோம். இந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொண்ட வேலை முழுக்க அவர்களுடையது. எப்போது செய்வது, எப்படிச் செய்வது, முடிந்ததா இல்லையா என்று பார்ப்பது எல்லாமே. அதுவரை நாங்கள் "அந்த பக்கெட்டை எடு", "இதைக் கொண்டுபோய் வை" என்று ஏவிக்கொண்டிருந்தோம். ஏவல் வேலையில் பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லை. நாம் சொல்வதை நிறுத்தினால் வேலையும் நின்றுவிடும். அதனால்தான் பத்து முறை கத்த வேண்டியிருக்கிறது.

மகனுக்கு அப்போது 6 வயது. முதலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை எடுத்தான், நான்கே நாளில் விட்டுவிட்டான். பிறகு மறுநாளைக்கு எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்பி வைப்பது என்று மாற்றிக்கொண்டான். பெரிய கேனைத் தூக்க முடியாது என்பதால் கைப்பிடி வைத்த ஒரு சின்ன ஜக்கும், ஏறி நிற்க ஒரு முக்காலியும் கொடுத்தோம். (கருவி கைக்கு ஏற்ற அளவில் இருந்தால் பாதி வம்பு போய்விடும். 1907இல் ரோம் நகரில் குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, சின்ன மேசை, சின்ன நாற்காலி, சின்னத் துடைப்பம் என்று எல்லாவற்றையும் குழந்தை அளவுக்கு வைத்தது இதற்காகத்தான்.) அவன் ஒவ்வொரு பாட்டிலையும் வாய் வரை நிரப்புவான், விரலை விட்டுப் பார்ப்பான், கொஞ்சம் ஊற்றிவிட்டு மூடுவான். அப்புறம் தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்து, மேசையில் உயரவாரியாக நிற்க வைப்பான். மேசை தினமும் நனைந்தது. ஒரு துணியை அங்கேயே மாட்டி வைத்தோம், அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மறந்துவிட்டான். இரவு பத்து மணிக்கு மேசையில் நான்கு பாட்டிலும் காலியாக நிற்பதைப் பார்த்தேன். நிரப்பி வைக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. துண்டுகளை நினைத்துக்கொண்டேன், விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் அக்கா காலி பாட்டிலை ஆட்டிக் காட்டியதும் அவன் முகம் வாடிப்போனது. யாரும் திட்டவில்லை. "இப்போ நிரப்பலாம், நேரம் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். ஒரு காலில் செருப்போடு முக்காலியில் ஏறி நின்று நான்கையும் நிரப்பினான். அதற்குப் பிறகும் மறந்திருக்கிறான், ஆனால் அவனே நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தான்: சாப்பிட்டுத் தட்டை வைத்ததும் பாட்டில். உங்களுக்கும் இதையே சொல்வேன். மணி பார்த்துச் செய்யச் சொல்வதைவிட, தினமும் எப்படியும் நடக்கும் ஒன்றின் வாலில் வேலையைக் கட்டிவிடுங்கள். பல் தேய்த்ததும் படுக்கை. பள்ளிப் பையை வைத்ததும் செருப்பு. பிறகு ஞாபகப்படுத்த உங்கள் குரல் தேவைப்படாது.

உங்கள் மகன் "அப்புறம்" என்று சொல்வதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி விளையாட்டில் இருக்கும் பிள்ளையிடம் சமையலறையிலிருந்து கத்தினால், பெரியவர்களும் அந்தப் பதிலைத்தான் சொல்வோம். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, "இந்த ஆட்டம் முடிஞ்சதும்" என்று சொல்லிப் பாருங்கள், அதற்கு வரும் "சரி" வேறு மாதிரி இருக்கும். இன்னொன்று, "ரூமை சுத்தம் பண்ணு" என்பது நமக்கு ஒரு வேலை. 6 வயதுப் பிள்ளைக்கு அது எங்கே தொடங்குவது என்று தெரியாத மலை. "புத்தகத்தை மட்டும் மேசையில் அடுக்கு" என்றால் செய்துவிடுவாள். அது முடிந்ததும் அடுத்தது.

பாராட்டும்போது "சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். "மூலையில இருந்த தூசியக்கூட எடுத்திருக்கியே." பிள்ளைக்கு அது போதும், நாம் உண்மையிலேயே பார்த்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். தண்டனையாக வேலை கொடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். தப்பு செய்தால் பாத்திரம் கழுவு என்று ஒரு முறை சொன்னாலும், பாத்திரம் கழுவுவது தண்டனை என்று மனதில் பதிந்துவிடும்.

மகன், மகள் விஷயத்தில் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். யூனிசெஃப் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகம் முழுக்க 5 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் அதே வயது ஆண் பிள்ளைகளைவிட 40 சதவீதம் அதிக நேரத்தை வீட்டு வேலையிலும் தண்ணீர், விறகு சேகரிப்பதிலும் செலவிடுகிறார்கள். எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு 16 கோடி மணி நேரம் கூடுதல். இது எங்கோ நடப்பதில்லை. எங்கள் தாளிலேயே முதல் வரைவில் பாத்திரமும் துணியும் மகள் பக்கமும், குப்பையும் கடையும் மகன் பக்கமும் தானாகவே போய்விட்டன. மறுபடி எழுதினோம். உங்கள் மகள் சின்னவள், ஆனால் சொன்னால் கேட்கிற பிள்ளையாக இருந்தால் நாளடைவில் அண்ணனுடைய பங்கும் அவள் தலையில் விழும். இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

எதைக் கொடுக்கலாம் என்பதில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஆறு வயதில் காலுறைக்கு ஜோடி சேர்க்கலாம், செருப்பு அடுக்கலாம், மேசை துடைக்கலாம். ஒன்பது வயதில் தட்டு, டம்ளர் கழுவலாம், பெருக்கலாம், வாஷிங் மெஷினில் துணியைப் பிரித்துப் போடலாம். கழிவறை கழுவும் அமிலம், ப்ளீச்சிங் பவுடர் இரண்டையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். படிப்பு, விளையாட்டு, தூக்கம் மூன்றையும் வேலை தின்னக் கூடாது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவே சொல்கிறது.

என் மகள் துணிக்கூடைக்குத் திரும்பி வந்தது எப்படி என்று சொல்லவில்லையே. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ மடிச்சத நான் பிரிச்சு மடிச்சது தப்பு, மன்னிச்சிடு" என்றேன். "எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து நான் மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். இப்போது அவளுக்கு 13 வயது. துண்டுகளை மடிப்பதில்லை, சுருட்டி நிற்க வைக்கிறாள். அலமாரியின் அந்தத் தட்டை நான் தொடுவதில்லை.

உங்கள் மகனுக்கு 9 வயது ஆகிவிட்டதால் முதல் சில வாரங்கள் கஷ்டமாகவே இருக்கும். இத்தனை நாள் நீங்கள் செய்ததை அவன் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பான், அது நியாயமான கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு வேலையோடு தொடங்குங்கள், அது பழகும்வரை இரண்டாவதைச் சேர்க்க வேண்டாம். தினமும் 15 நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அப்பா போன் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை மட்டும் பெருக்குவது நடக்காது. மூன்று வாரம் ஆகியும் நகரவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன் வேலையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். என் மகனுக்குச் செடி சரிப்படவில்லை, பாட்டில்தான் சரிப்பட்டது.