பழைய பைக், பாதி பேப்பர்: ஆர்.சி. சிக்கல்கள் கேள்வி-பதில்

கேள்வி: 1978 யெஸ்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரிஜினல் ஆர்.சி. புக் இருக்கிறது. ஆனால் மூன்று கை மாறியும் பெயர் முதல் ஓனர் பேரிலேயே நிற்கிறது. விற்பவர், முதல் ஓனர் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30 தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஆர்.டி.ஓ. ஆபீஸைப் பொறுத்தவரை, உங்களிடம் பணம் கேட்கும் மனிதர் இந்த வண்டிக்கு யாருமே இல்லை. புக்கில் பெயர் உள்ளவர்தான் ஓனர். அவர் எப்போதோ தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த ஃபார்ம் பல இடங்களில் அடிபடும். கையெழுத்து ஒத்துப்போகாது, ஓ.டி.பி. போகும் மொபைல் எண் அவருடையதாக இருக்கும், அடையாளச் சான்றின் நகல் கேட்பார்கள். அவர் இறந்துவிட்டிருந்தால் அந்த ஃபார்ம் வெறும் காகிதம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் புக்கில் உள்ள விலாசத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஆள் கிடைத்தால் புதிதாக ஃபார்ம் 29 இரண்டு படி, ஃபார்ம் 30 ஒன்று, ஆதார் நகலில் கையொப்பம் எல்லாம் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். விற்றவர் அதே மாநிலம் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50. அதனால் ஃபார்மில் இன்றைய தேதியே இருக்கட்டும். நடுவில் வாங்கி விற்ற இரண்டு பேரின் சேல் லெட்டர்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அவை உரிமை தராது, வண்டி உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதற்குச் சாட்சியாகும்.

ஆள் கிடைக்கவில்லையா? அந்த விலாசத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் வையுங்கள். அதனுடன் சேல் லெட்டர்கள், நோட்டரி அஃபிடவிட், இன்சூரன்ஸ் நகல் சேர்த்து எழுத்து மூலம் மனு கொடுங்கள். 'முடியாது சார்' என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். மறுப்பு எழுத்தில் இருந்தால்தான் பிரிவு 57-இன் கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய முடியும். இவ்வளவு அலைச்சலுக்குத் தயாரில்லை என்றால் இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். பேப்பர் இல்லாத வண்டியின் மலிவு விலை மலிவே அல்ல.

கேள்வி: எம்.டி. என்று தொடங்கும் பழைய நம்பர். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் போட்டால் 'விவரம் இல்லை' என்று வருகிறது. போலி ஆர்.சி.யா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று தொடங்கும் எண்கள், 1989-இல் இப்போதைய சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தையவை. கைப்பதிவேட்டில் எழுதப்பட்டவற்றில் பல, கணினிக்கு ஏறவே இல்லை. ஏற்றும் வேலைக்கு ஆபீஸில் 'பேக்லாக் என்ட்ரி' என்பார்கள்.

முதலில் அந்தப் பதிவேடு எந்த ஆபீஸில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அன்றைக்கு ஒரே ஆபீஸாக இருந்தது இன்று நாலைந்தாகப் பிரிந்திருக்கும். பிறகு ஒரிஜினல் புக், ஆயுள் வரி கட்டிய பதிவு, இன்சூரன்ஸ், என்ஜின்-சேசிஸ் பென்சில் பிரிண்ட் (எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு) ஆகியவற்றுடன் ஓனர் பெயரில் மனு. என்ட்ரி போட்டதும் அப்ரூவல் ஆவதற்கு முன் திரையில் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். பூஜ்யமும் 'ஓ' எழுத்தும், 1-உம் 'ஐ'யும், 8-உம் 'பி'யும், 5-உம் 'எஸ்'ஸும் இடம் மாறுவது சகஜம். ஒரு எழுத்து தப்பினால் அதைத் திருத்த இன்னொரு மனு, இன்னொரு இன்ஸ்பெக்ஷன். தயாரிப்பு வருடம், சி.சி., எச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) பகுதி மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

கரையான் அரித்தோ, நனைந்தோ பதிவேடே இல்லாமல் போன இடங்களில் உங்கள் கையிலுள்ள புக்தான் ஒரே ஆதாரம். எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, கலரில் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் கவுண்டரில் நீட்ட வேண்டும்.

கேள்வி: ஆர்.எக்ஸ். 100. சேசிஸ் எண் சரி. என்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

பதில்: எப்படி ஒத்துப்போகவில்லை என்பதைப் பொறுத்தது. வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் படித்துவிட்டுச் சொல்லாதீர்கள். எண் உள்ள இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, 2பி பென்சிலை அதன்மேல் படுக்கவைத்துத் தேய்த்து, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். இப்போது எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஒரே ஒரு எழுத்துதான் மாறுகிறது, மற்றதெல்லாம் சரி என்றால் அது பெரும்பாலும் எழுதியவர் கைப்பிழை. பென்சில் பிரிண்ட், முதல் இன்வாய்ஸ் அல்லது பதிவேட்டு நகல் வைத்துத் திருத்தம் கேட்கலாம். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்துவிடுவார்.

எண் முழுக்க வேறு என்றால் என்ஜின் மாறியிருக்கிறது. ஆர்.எக்ஸ். 100 எண்களின் முன்னொட்டு 1எல்1. அது இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் ஆர்.எக்ஸ். 135 என்ஜின் ஏறியிருக்கலாம், அப்போது ஆர்.சி.யில் உள்ள 98 சி.சி.யும் பொய்யாகிவிடும். பிரிவு 52-இன்படி என்ஜின் மாற்ற முன் அனுமதி வேண்டும். மாற்றியபின் 14 நாளுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் பதியவேண்டும். அனுமதி இல்லாமல் யாரோ எப்போதோ மாற்றியதை இப்போது நேர்படுத்த வேண்டுமென்றால், அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் தேவை: பில், அந்த என்ஜின் இருந்த வண்டியின் ரத்து செய்யப்பட்ட ஆர்.சி., திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்று. அந்தச் சான்றுக்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) டிஜிட்டல் போலீஸ் தளத்தில் என்ஜின், சேசிஸ் எண் கொடுத்து விண்ணப்பிக்கலாம். கூடுதல் சி.சி. என்றால் அனுமதி கிடைப்பது கடினம். சரியான 100 என்ஜினைக் காகிதத்தோடு தேடிப் போடுவதே சுலபமான வழி.

மூன்றாவது வகைதான் ஆபத்து. எண் இருக்கும் மேடையைச் சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்பு இருக்க, எண் இருக்கும் இடம் மட்டும் வழவழவென்று இருக்கிறதா? இரும்பு ஸ்கேலின் விளிம்பை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? எழுத்துகள் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் விழுந்திருக்கின்றனவா? ராவிவிட்டு மறுபடி பஞ்ச் அடித்திருக்கிறார்கள். விலையே பேச வேண்டாம்.

இன்னொன்று. சிலிண்டர், ஹெட், கிராங்க் எதை மாற்றினாலும் என்ஜின் எண் மாறாது. எண் இருப்பது கிராங்க்கேஸில். ஓடும்போது செயின் அறுந்து முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு கிராங்க்கேஸை உடைப்பது பழைய வண்டிகளில் நடக்கிற விஷயம். மெக்கானிக் வேறு கேஸ் போட்டுத் தருவார். உடைந்த பழைய கேஸை, எண் உள்ள அந்தத் துண்டை, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆய்வாளர் முன் வைக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்வி: புல்லட்டை பவுடர் கோட்டிங் கொடுத்து எடுத்தேன். சேசிஸ் எண்ணே தெரியவில்லை.

பதில்: கோட்டிங்குக்கு முன் பழைய பெயிண்டை எடுக்கச் செய்யும் மணல் வீச்சு எழுத்தின் ஓரத்தைத் தின்னும், மேலே பவுடர் குழியை நிரப்பும். பயந்து கிரைண்டரோ இரும்புக் கம்பி பிரஷ்ஷோ வைக்க வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, மரக்குச்சியால் சுரண்டி, பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள்; தேவைப்பட்டால் இரண்டு மூன்று தடவை. எண் தெரிந்ததும் மெல்லிய ஸ்ப்ரே கோட் ஒன்று போதும். எண் நிஜமாகவே அழிந்திருந்தால் ஆர்.டி.ஓ.வின் எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் பஞ்ச் செட் பக்கம் போகவே கூடாது. நல்ல எண்ணத்தில் நீங்களே அடித்தாலும் அது எண்ணைத் திருத்திய வண்டிதான். அடுத்த முறை ஃபிரேமைக் கோட்டிங்குக்கு அனுப்புமுன் பென்சில் பிரிண்ட், போட்டோ எடுத்துவிட்டு, எண்ணின்மேல் வெப்பம் தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆர்.சி. தொலைந்துவிட்டது என்கிறார் விற்பவர். வாங்கிய பிறகு நான் டூப்ளிகேட் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. டூப்ளிகேட்டுக்கு ஃபார்ம் 26-இல் விண்ணப்பிக்கும் உரிமை பதிவு ஓனருக்கு மட்டுமே. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை அவரே பதிந்து, டூப்ளிகேட் எடுத்த பிறகு பணம் கொடுங்கள். 'தொலைந்தது' என்பது சில சமயம் ஃபைனான்ஸில் அடகு இருக்கிறது என்று பொருள். டூப்ளிகேட் கேட்டால் அது தானாக வெளியே வந்துவிடும்.

கேள்வி: 1991-இல் போட்ட எச்.பி. இன்னும் ஆர்.சி.யில் இருக்கிறது. அந்த ஃபைனான்ஸ் கம்பெனியே இப்போது இல்லை.

பதில்: கடன் அடைந்திருந்தாலும் ஃபைனான்ஸ் கையெழுத்திட்ட ஃபார்ம் 35 இல்லாமல் எச்.பி. கேன்சல் ஆகாது, அதுவரை பெயர் மாற்றமும் நடக்காது. 'கம்பெனி இல்லை' என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. வங்கி என்றால் இணைந்திருக்கும். இணைத்துக்கொண்ட வங்கி கையெழுத்திடும். லிமிடெட் கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருக்கிறதா, இன்னொன்றோடு சேர்ந்ததா, கலைப்பில் இருக்கிறதா, நீக்கப்பட்டதா என்று வரும். கலைப்பில் இருந்தால் உயர் நீதிமன்றத்தோடு இணைந்த அஃபிஷியல் லிக்விடேட்டருக்கு எழுதலாம். உள்ளூர் கூட்டு வியாபாரம் என்றால் பார்ட்னர்களில் ஒருவரைத் தேடுவதுதான் வழி. எதுவும் பலிக்காவிட்டால் அந்த இணையதள அச்சு நகல், திரும்பிய பதிவுத் தபால், அசல் தவணை ரசீதுகள், அஃபிடவிட் சேர்த்து ஆர்.டி.ஓ.விடம் மனு. முடிவு அவர் கையில் என்பதால் ரசீதுகள் எவ்வளவு முழுசாக இருக்கின்றன என்பதுதான் உங்கள் பலம்.

கேள்வி: தாத்தா பேரில் உள்ள புல்லட். தாத்தா, அப்பா இருவருமே இப்போது இல்லை. என் பெயருக்கு மாற்ற வேண்டும்.

பதில்: ஓனர் இறந்தால் 30 நாளில் தெரிவித்து, 3 மாதத்துக்குள் ஃபார்ம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு உரிய கட்டணத்தைக் கட்டிவிட்டு மேலே போகலாம். தாத்தாவின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அப்பாவுக்கும் அதே இரண்டு, மற்ற எல்லா வாரிசுகளின் சம்மத அஃபிடவிட். பலரும் சறுக்குவது இங்கேதான்: சித்தப்பா, பெரியப்பாவிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார்கள். கட்டிக்கொடுத்த அத்தைகளும் வாரிசுதான். பாட்டி இருந்தால் பாட்டியும்.

அடுத்தது பெயர். ஆர்.சி.யில் ஒற்றை இனிஷியலோடு ஒரு மாதிரி, இறப்புச் சான்றில் ஊர்ப்பெயரும் சேர்த்து வேறு மாதிரி, வாரிசுச் சான்றில் இன்னொரு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே நபர் என்று ஓர் அஃபிடவிட் சேர்த்தே கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம். உங்கள் பெயருக்கு மாறியதும் நாமினி பெயரைச் சேர்த்துவிடுங்கள். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது.

கேள்வி: ஆர்.சி. காலாவதியாகி வருடக்கணக்காக ஷெட்டில் நிற்கிறது. முதலில் எஃப்.சி.யா (தகுதி ஆய்வு செய்து ஆர்.சி. புதுப்பித்தல்), பெயர் மாற்றமா?

பதில்: முதலில் புதுப்பித்தல், அதுவும் விற்பவர் செலவில், விற்பவர் பெயரில். 15 வருடம் முடிந்தபின் ஃபார்ம் 25 கொடுத்து, ஆய்வு முடிந்தால் 5 வருடம் நீட்டிப்பு. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை ₹2,000 ஆக்கியது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் ₹300, பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி. கணினி காட்டும் மொத்தத் தொகையைப் பார்த்தபின் விலை பேசுங்கள். ஆய்வுக்கு வண்டியை ஓட்டிப் போகாமல் மினி டெம்போவில் ஏற்றிப் போங்கள். ஹாரன், பிரேக் லைட், ஹெட்லைட் ஹை-லோ, இரு பக்கக் கண்ணாடி, சைலன்சர் ஆகியவற்றை முந்தைய நாளே சரிபாருங்கள். பேட்டரி செத்துப்போய் ஹாரன் முனகுவதால் திரும்பி வரும் வண்டிகள் நிறைய.

கேள்வி: 'விண்டேஜ்' பதிவு எடுத்தால் இந்தப் பேப்பர் தொல்லையெல்லாம் தீருமா?

பதில்: தீராது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கே அது. 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100 எதுவும் 2035 வரை தகுதி பெறாது. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யையே கேட்பார்கள். கட்டணம் ₹20,000, செல்லுபடி 10 வருடம், புதுப்பிக்க ₹5,000. பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு என்றுதான் சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்டுபவருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே சரி.

கேள்வி: பத்து வருடம் முன்பு விற்ற வண்டி. இன்றும் என் பெயரில்தான் இருக்கிறது. இப்போது ஃபைன் மெசேஜ் வருகிறது.

பதில்: ஃபைன் சிறிய தலைவலி. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து இழப்பீடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. இன்றே ஃபார்ம் 29-ஐ, விற்ற தேதி, வாங்கியவர் விவரம், டெலிவரி நோட் நகலுடன் ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையை வையுங்கள். வாங்கியவருக்கும் ஒரு நோட்டீஸ். வண்டி இப்போது யாரிடம் என்று தெரியவில்லை என்றால் அதையே எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் மனு ரசீது வாங்குங்கள். அந்த வண்டிமீது எந்தச் சேவையும் நடக்காமல் நிறுத்திவைக்கும்படி ஆர்.டி.ஓ. மனுவிலேயே கேளுங்கள். இப்போது வைத்திருப்பவருக்குப் பேப்பர் வேலை வரும்போது அவரே உங்களைத் தேடி வருவார்.