கடல் பச்சையானால் கூண்டு மீன் ஏன் சாகிறது?

கேள்வி: மண்டபம் பக்கம், மன்னார் வளைகுடாவில் மிதவைக் கூண்டு போட்டுக் கோபியா என்ற கடல்மீனை வளர்க்கிறேன். போன செப்டம்பரில் கடல் பச்சையாகி, இரண்டே நாளில் மீன்கள் செத்து மிதந்தன. இதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பூங்கோரைதான். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகுவதால் வருவது. 2008 அக்டோபரில் கீழக்கரைக் கடலிலும், 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதியிலும் வந்து நிறைய மீன்கள் செத்தன. பெரும்பாலும் விஷத்தால் அல்ல, மூச்சு முட்டித்தான் சாகின்றன. இரவில் அந்த உயிரும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. செத்து அழுகும்போது மிச்சத்தையும் காலி செய்கிறது. வெளிமீன் விலகிப் போகலாம், கூண்டு மீன் எங்கே போகும்?

முன்னறிய வழி உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் மூலம் கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்து இதுபோன்ற பாசிப் பெருக்கம் பற்றித் தகவல் தருகிறது. மீன் கிடைக்கும் இடத்தை மீனவர்களுக்குச் சொல்வதும் இதே மையம்தான். ஆனால் மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடலின் நிறம் தெரியாது. கரையோரக் கலங்கலும் குழப்பும். அந்தத் தகவலைச் சுற்றுவட்டாரத்துக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, உங்கள் கூண்டுக்கென்று ஓர் ஆக்சிஜன் மீட்டர் வாங்கிவிடுங்கள். விடிவதற்கு முன் அளக்க வேண்டும், அப்போதுதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 4-க்குக் கீழே போனால் அன்று தீனியே வேண்டாம். சோர்ந்த மீனுக்குத் தெம்பு வரட்டும் என்று பலர் கூடுதலாகப் போடுகிறார்கள். தின்ற மீனுக்குத்தான் ஆக்சிஜன் அதிகம் தேவை. இரவில் தண்ணீரைக் கலக்கினால் நீலமாக மின்னுவதும் ஓர் அறிகுறி.

வலையில் படியும் பாசியையும் சிப்பியையும் ஆகஸ்டிலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள். வலைக்கண் அடைத்திருந்தால் புதுத் தண்ணீர் உள்ளே வராது.

என்னைக் கேட்டால், குஞ்சு விடும் மாதத்தை மாற்றுவதே பெரிய பாதுகாப்பு. ஜனவரியில் விட்டால், நல்ல தீனியோடு ஏழெட்டு மாதத்தில் 2 கிலோவைத் தாண்டும். ஆகஸ்ட் முடிவுக்குள் பிடித்துவிடலாம், வடகிழக்குப் பருவமழைப் புயல்களிலிருந்தும் தப்பலாம். செப்டம்பரில் மீன் மிஞ்சியிருந்தால், எச்சரிக்கை வந்த உடனே விற்கும் அளவில் உள்ளதைப் பிடித்து நெருக்கத்தைக் குறையுங்கள்.

அப்புறம், செத்த மீனைக் கடலில் வீசாதீர்கள். அழுகி மேலும் ஆக்சிஜனைத் தின்னும். கரைக்குக் கொண்டுவந்து புதைத்துவிடுங்கள்.